எழுபத்தேழுக்குப் பக்கத்தில்

“வந்து சேந்துட்டேங்க. லேப்டாப்பத் தொறந்து வச்சு உக்காந்திருக்கேன். இது யாரோடயும் பேச மாட்டேங்குது.”

“நீல ஒயரச் சொருகினீங்களா?”

“சொருகிட்டேன்.”

“எங்க? செவுத்துலயா, இல்ல போனுக்குப் பின்னாலயா?”

அந்தப் பக்கம் ஏதோ நகரும் ஓசை. “இப்ப செவுத்துலதான் இருக்கு.”

“சரி, எழுதிக்குங்க. பத்து, பூஜ்யம், அஞ்சு, எழுபத்தேழு.”

“எழுபத்தேழு. அதுக்குக் கீழ இருநூத்தி அம்பத்தஞ்சு மூணு தடவ, கடைசில பூஜ்யம். அது எனக்கே தெரியும்.”

“எல்லாம் தெரிஞ்சவர் எதுக்குக் கூப்பிட்டீங்க?”

“முதல் வரி நம்பர் மறந்துடுச்சே.” கொஞ்சம் இழுத்தார். “இங்க ஜன்னல் கதவு சாத்த மாட்டேங்குது. அட்டப்பெட்டிய மடிச்சு முட்டுக் குடுத்திருக்காங்க. அந்த இடுக்கு வழியா பனி உள்ள வருது. தண்ணி எங்க முடியுது, வானம் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல. நீங்க ஒரு தடவ வந்து பாக்கணும்.”

“நான் வந்துட்டா இங்க யாரு நம்பர் சொல்றது?” என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள். வைத்த பிறகும் கை அதன்மேலேயே இருந்தது.

இந்தப் பேச்சு நடந்து இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. அன்றைக்குக் கம்பியின் இரு முனைகளில் இருந்தவர்கள் இன்றைக்கு ஒரே வீட்டில் இருக்கிறார்கள். ஒரே மகளைப் பெற்று வளர்த்து, சென்ற வருஷம் கல்லூரி விடுதியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, திரும்பி வரும் வழியெல்லாம் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த ஜன்னலை அவள் இன்னும் பார்க்கவில்லை. கூட்டிக்கொண்டு போங்கள் என்று அவரிடம் ஒரு தடவைகூட வாய்விட்டுக் கேட்டதும் இல்லை.

வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அந்த அலுவலகத்தை மூடுகிறார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் அதற்கான கடிதம் அவள் மேசைக்கு வந்தது. அவர் வியாழக்கிழமை அங்கே கிளம்பிவிடுவார்; கேட்பதானால் அதற்குள் இரண்டு நாள்தான் மிச்சம்.

தண்ணீர் மீட்டர் செய்து விற்கிற கம்பெனி அது. தலைமை அலுவலகம் கடைத்தெருவுக்கு நடுவே மூன்றாவது மாடியில். கிடங்கு துறைமுகத்தை ஒட்டி. தொழிற்சாலை புறவழிச்சாலையில். விற்பனைக் கிளை ரயில் நிலையத்துக்கு எதிரில். ஐந்தாவது மட்டும் தனியாக, ஆறு மணி நேரப் பயணத்தில், மலைமேல் ஒரு நீர்த்தேக்கத்தின் கரையில். பெரிய மீட்டர்களை ஓடுகிற தண்ணீரில் வைத்துச் சோதிக்க அந்த இடம்தான் தோது. ஐந்து கட்டடங்களின் கம்ப்யூட்டர்களும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்படி இணைப்புக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பேச்சு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வது அவள் உத்தியோகம். கம்ப்யூட்டர்களுக்கு முகவரி கொடுப்பவள் என்பதால் அலுவலகம் முழுக்க அவளுக்கு ‘அட்ரஸ் அக்கா’ என்று பெயர். அவளைவிட ஆறு வயது மூத்த கேபிள் மாஸ்டர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

அந்த முகவரி என்பது நான்கு எண்கள். மூன்றாவது எண் எந்தக் கட்டடம் என்று சொல்லும். நான்காவது அந்தக் கட்டடத்தில் எந்தக் கம்ப்யூட்டர் என்று சொல்லும். மேசையைவிட்டு நகராத கம்ப்யூட்டர்கள் மட்டும் இருந்தவரை ஒரு தொல்லையும் இல்லை. ஒரு தடவை எண் கொடுத்தால் அது கண்ணை மூடும்வரை போதும். லேப்டாப் என்று ஒன்று வந்த பிறகுதான் வம்பு பிடித்தது. தலைமை அலுவலகத்தின் எண்ணைச் சுமந்துகொண்டு மலைக்குப் போகிற லேப்டாப், அங்கே போனதும் தெரு மாறிப்போன தபால் மாதிரி யாருக்கும் சொந்தமில்லாமல் நிற்கும். அங்குள்ள பிரிண்டருக்கு அதைத் தெரியாது. இங்குள்ள கோப்புகளும் அதற்கு எட்டாது. புதுக் கட்டடத்துக்கு ஏற்ற எண்ணைக் கையால் போட வேண்டும். திரும்பி வந்தால் பழைய எண்ணை மறுபடியும் கையால் போட வேண்டும். எந்த எண் யாரிடம் இருக்கிறது என்பதற்கு அவள் ஒரு நீள நோட்டுப் போட்டிருந்தாள். பென்சிலால்தான் எழுதுவாள். வாரத்துக்கு ஒரு அழிரப்பர் தேய்ந்தது.

அவர் மீட்டர் சோதிக்கும் பொறியாளர். திங்கள் தொழிற்சாலை, செவ்வாய் கிடங்கு, வியாழன் வெள்ளி மலை என்று சுற்றிக்கொண்டே இருப்பவர். அதனால் அந்த நோட்டில் அதிகம் அழிக்கப்பட்டது அவருடைய வரிதான். தாள் தேய்ந்து ஓட்டை விழுகிற நிலைமைக்கு வந்தபோது அவள் ஒரு வழி செய்தாள். ஐந்து கட்டடங்களிலும் எழுபத்தேழு என்கிற எண்ணை வேறு யாருக்கும் கொடுக்காமல் அவருக்கென்று ஒதுக்கினாள். மூன்றாவது எண்ணை மட்டும் மாற்றினால் போதும், மற்றதெல்லாம் எங்கே போனாலும் ஒன்றுதான், இனிமேல் போன் செய்ய வேண்டிய அவசியமே இல்லை என்று அவரிடம் பொறுமையாக விளக்கினாள். அவரும் புரிந்தது என்று தலையாட்டினார். அடுத்த வியாழக்கிழமை பத்து நாற்பதுக்கு போன் அடித்தது. முதல் வரி நம்பர் மறந்துவிட்டது என்றார்.

அதற்கப்புறம் எந்த வியாழக்கிழமையும் அவருக்கு அந்த முதல் வரி நம்பர் ஞாபகத்தில் இருந்ததில்லை. அவளும் ஒவ்வொரு வாரமும் அதைப் புதிதாகச் சொல்லித் தருவதுபோலவே சொன்னாள். இரண்டு பேருமே நன்றாகப் படித்தவர்கள்.

ஒவ்வொரு போனும் பத்து நிமிஷம் நீளும்; நம்பர் சொல்லி முடிக்க ஒரு நிமிஷம் போதும். மீதி ஒன்பது நிமிஷத்தில்தான் அந்த அலுவலகம் அவளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி எழுந்தது. வாசலில் நுழைந்ததும் இடப்பக்கம் இரும்பு பீரோ, அதன் கதவை உதைத்தால்தான் திறக்கும். அங்கே பொருள்களைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர் அண்ணன் வருஷம் முழுக்க ஒரே மப்ளரில் இருப்பார். மத்தியானம் மூன்று மணிக்குப் பனி இறங்கினால் மேசையில் இருக்கும் காகிதங்கள் அப்பளம்போல் இருந்தது நமுத்துத் துணிபோல் ஆகிவிடும். சோதனைக்குத் தண்ணீர் திறந்துவிடும்போது தரை லேசாக அதிரும், டம்ளரில் இருக்கும் தேநீரில் வளையம் வளையமாக வரும். அந்தக் கட்டடத்தின் வரைபடம் அவளிடம் இருந்தது. எந்தச் சுவரில் எத்தனை இணைப்பு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் வரைபடத்தில் பனியும் இல்லை, மப்ளரும் இல்லை. அதெல்லாம் போனில் வந்தது.

பிரிண்டர் விவகாரம் நடந்தது அந்த நாட்களில்தான். ஒரு வியாழக்கிழமை அவர் பேச்சு சுவாரஸ்யத்தில் எழுபத்தேழு என்று போடுவதற்குப் பதில் ஒற்றை ஏழோடு நிறுத்திவிட்டார். ஏழு அந்தக் கட்டடத்து பிரிண்டருடைய எண். ஒரே முகவரியை இரண்டு பேர் சொந்தம் கொண்டாடினால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. பிரிண்டர் வாயடைத்துப் போனது. ஸ்டோர் அண்ணன் முதலில் அதைத் தட்டினார், பிறகு உலுக்கினார், பிறகு ஸ்க்ரூ டிரைவர் எடுத்துவந்து பிரித்தே போட்டுவிட்டார். சாயங்காலம் காரணம் தெரிந்தபோது பிரிண்டர் பதினாலு துண்டாக மேசைமேல் கிடந்தது. ஒரு நாள் முழுக்க ஒரு சோதனைச் சான்றிதழ்கூட வெளியே போகவில்லை. மேலாளர் அவளைக் கூப்பிட்டு யார் செய்த வேலை இது என்று கேட்டார். அவள் கண்ணை இமைக்காமல், நான்தான் சார் நம்பரைத் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றாள். உத்தியோகத்தில் அவள் சொன்ன முதல் பொய் அது.

அடுத்த வாரம் அவர் போனில் வழக்கம்போல ஆரம்பிக்காமல், “உங்க பேர எதுக்குக் கெடுத்துக்கிட்டீங்க?” என்று கேட்டார்.

“பின்ன உங்க பேரக் கெடுக்கவா?” என்று அவள் பட்டென்று சொல்லிவிட்டாள்.

அன்றைக்கு ஒன்பது நிமிஷமும் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. போனையும் வைக்கவில்லை.

அதன் பிறகு ஆறு மாதத்தில் அவருடைய அம்மா அவள் வீட்டுக்கு வந்து பேசி, கல்யாணம் நிச்சயமானது. அதற்குள் தானாக முகவரி கொடுக்கிற முறை வந்துவிட்டிருந்தது. லேப்டாப்பைச் சொருகினால் போதும், அந்தக் கட்டடத்தில் இருக்கிற இயந்திரமே காலியாக இருக்கும் எண்களில் ஒன்றைச் சில நாளைக்கு வாடகைக்கு விடுவதுபோலக் கொடுக்கும். கெடு முடிந்தால் திருப்பி வாங்கிக்கொள்ளும். போனும் வேண்டாம், நோட்டும் வேண்டாம். மற்ற நான்கு கட்டடங்களிலும் அவள் ஒரே மாதத்தில் அதைச் செய்து முடித்தாள். மலைக்கு மட்டும் ஒரு வருஷம் இழுத்தடித்தாள். அங்கே லைன் மெதுவாக இருக்கிறது என்று மேலாளரிடம் ஒரு தடவை, அங்கே ஈரம் அதிகம் என்று ஒரு தடவை. ஈரத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவர் நல்லவேளை கேட்கவில்லை.

கல்யாணமாகி இரண்டாவது வாரம் மலையிலும் அதைப் போட்டு, எழுபத்தேழை மட்டும் அவருடைய லேப்டாப்புக்கே என்று வைத்துவிட்டாள். கட்டிக்கொண்டவர் வீட்டுக்கு வரத்தானே போகிறார், இனிமேல் போனில் என்ன இருக்கிறது என்று நினைத்தாள். நண்பர்களிடம் அவர், “தாலி ஏறின கையோட என் போன் லைன கட் பண்ணிட்டாங்க” என்று சொல்லிச் சிரிப்பார். அவளும் சிரித்தாள். அது சிரிக்க வேண்டிய விஷயம் இல்லை என்று புரியப் பல வருஷம் பிடித்தது.

ஏனென்றால் அவர் வீட்டுக்கு வரும்போது மலையைக் கொண்டுவரவில்லை. களைப்பையும் அழுக்குச் சட்டைகளையும்தான் கொண்டுவந்தார். அவர் எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தார் என்பதுகூட அவளுக்கு அவர் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை. வியாழக்கிழமை பத்து நாற்பது வாக்கில் அவள் திரையில் ஒரு வரி ஓடும்: ஐந்தாம் கட்டடம், எழுபத்தேழு, வந்தாயிற்று. அவள் வீட்டுக்கு போன் செய்து மாமியாரிடம், “அத்தை, உங்க பிள்ளை போய்ச் சேந்துட்டாரு” என்பாள். அவன் பேசினானா என்று அத்தை கேட்பார். பேசினார் என்று இவள் சொல்வாள். மகள் பள்ளிக்கூடம் போகும் வயதில் அதையே நம்பிக்கொண்டு, அப்பா வாராவாரம் அம்மாவோடு போனில் பேசுவார் என்று தோழிகளிடம் பெருமை அடித்திருக்கிறாள்.

கேட்க நினைத்த சந்தர்ப்பங்கள் இல்லாமலில்லை. முதல் வருஷம் கேட்கலாம் என்றிருந்தாள். அதற்குள் வயிற்றில் குழந்தை, மலைப் பாதையின் வளைவுகள் ஆகாது என்றார்கள். பிறகு கைக்குழந்தை. பிறகு பள்ளிக்கூடம். பிறகு அத்தைக்கு முழங்கால் மடங்காமல் போய், பத்து வருஷம் ஆள் கூடவே இருக்க வேண்டியதாயிற்று. சென்ற தை மாதம்தான் அத்தை கொழுந்தனார் வீட்டுக்குப் போனார். இடையில் ஒரு தடவை, மகளுக்கு எட்டு வயது இருக்கும், அவள் சுற்றிவளைத்து, அந்த ஜன்னல் இப்போது சாத்துகிறதா என்று கேட்டுப் பார்த்தாள். அவர் சாப்பாட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், “எந்த ஜன்னல்? அங்க என்ன இருக்கு, வெறும் ஈரமும் துருவும்” என்றார். அவருக்கு அன்று சரியான இருமல். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், தொண்டைவரை வந்த வார்த்தை சோற்றோடு உள்ளே போய்விட்டது. அவராக நினைத்து, வா என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், கேட்டு வாங்கினால் அதில் என்ன இருக்கிறது என்று வீம்பு பிடித்துக்கொண்டாள். அவருக்கோ இப்படி ஒரு வீம்பு வீட்டில் இருப்பதே தெரியாது.

செவ்வாய்க்கிழமை கடிதம் வந்த பிறகு, மலை அலுவலகத்தின் எண்களையெல்லாம் கணக்கிலிருந்து நீக்கும் வேலையைத் தொடங்கினார்கள். கேபிள் மாஸ்டர் திரையைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசிப்பார், அவள் சரிபார்த்து, நீக்கலாம் என்பாள். பிரிண்டர் ஏழு என்று வந்ததும் மாஸ்டர் அவளைப் பார்க்காமலே, “இது மேல பழைய கேஸ் ஒண்ணு இருக்கே” என்றார். அவள் வாசியுங்கள் என்றாள். ஸ்டோர் மேசை, கேமரா, சோதனை அறை என்று வந்து, எழுபத்தேழில் மாஸ்டர் கொஞ்சம் நிறுத்தினார்.

“இது மாப்பிள்ளையோடது. வெள்ளிக்கிழம கடைசியா எடுத்துக்கலாம். அடுத்தது எழுபத்தெட்டு. இதுவும் ஒதுக்கி வச்ச நம்பர்தான். யாரோடதுன்னு பேரு போடல. இருபது வருஷமா ஒரு தடவகூட வந்ததில்லன்னு காட்டுது. யாருக்கா இது?”

கல்யாணமான புதிதில், மலைக்குத் தானியங்கி முறை போட்ட அன்று, கம்பெனி அவளுக்கும் ஒரு லேப்டாப் கொடுத்திருந்தது. எழுபத்தேழை அவருக்கு நிரந்தரமாக ஒதுக்கி முடித்த கையோடு, அறையில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, எழுபத்தெட்டைத் தனக்கு ஒதுக்கிவைத்தாள். அடுத்த மாதம் எப்படியும் போகத்தானே போகிறோம் என்ற நினைப்பு. அந்த லேப்டாப் எப்போதோ செத்து, அதற்குப் பிறகு நான்கு மாறிவிட்டன. ஒவ்வொரு தடவை புது லேப்டாப் வரும்போதும் அவள் மறக்காமல் அந்த ஒரு வரியைத் திருத்திவிட்டு வந்திருக்கிறாள். எதற்கு என்று தன்னையே கேட்டுக்கொண்டதில்லை.

மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்த ஜன்னலுக்குக் கீழ ரெண்டு பாயின்ட் பக்கத்துல பக்கத்துல போடச் சொன்னீங்களே. ஒருத்தர் உக்கார்ற இடத்துல எதுக்கு ரெண்டுன்னு அப்பவே யோசிச்சேன். செவுத்தக் குடையுறதுக்குள்ள என் கை மரத்துப்போச்சு.”

“அத விடுங்க மாஸ்டர். நான் பாத்துக்கறேன்.”

“நீங்க பாத்துக்கிட்ட லட்சணம்தான் தெரியுதே,” என்று அவர் சாவகாசமாகச் சொல்லிவிட்டு எழுபத்தொன்பதுக்குப் போனார்.

மத்தியானம் மேலாளர் இரண்டு பேரையும் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை அங்குள்ள கருவிகளில் இருக்கும் கம்பெனி விவரங்களைச் சுத்தமாக அழித்து, இணைப்பைத் துண்டித்து, பெட்டியில் கட்ட வேண்டும். பொறியாளர் எப்படியும் வியாழக்கிழமை காரில் போகிறார். கூட இந்தப் பிரிவிலிருந்து ஒருவர் போனால் நல்லது, யார் போகிறீர்கள் என்று கேட்டார். ஆறு மணி நேரம் காரில் உட்கார்ந்தால் தன் இடுப்பை மலையிலேயே விட்டுவிட்டு வர வேண்டியதுதான் என்றார் மாஸ்டர். சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். மேலாளரும் அவளைப் பார்த்தார். வாசல் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பேர் இரண்டு பக்கமும் நிற்பதுபோல இருந்தது.

“யாரும் போக வேணாம் சார்,” என்றாள். “நான் இங்கிருந்தே போன்ல சொல்லிடறேன். அவர் செஞ்சுடுவாரு.”

இருபது வருஷப் பழக்கம், அவளை முந்திக்கொண்டு அதுவே பேசிவிட்டது. மேலாளர் அதுவும் சரிதான் என்று அடுத்த காகிதத்தை எடுத்தார். வெளியே வந்ததும் மாஸ்டர் பெருமூச்சு விட்டார். அதற்கு அவர் திட்டியிருக்கலாம்.

அன்றிரவு கேட்கலாம் என்றிருந்தாள். அவர் சாப்பிட்டதும் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். புதன்கிழமை காலையில், “என்னங்க” என்று ஆரம்பித்தாள். அவர் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். கண்ணாடி கிடைத்தபோது பஸ் வரும் நேரமாகிவிட்டது. அலுவலகத்தில் அவள் அன்று பூராவும் வெள்ளிக்கிழமை செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதிக்கொண்டிருந்தாள். பதினோரு படிகள். எந்தப் படியிலும் இங்கிருந்தால்தான் முடியும் என்று ஒன்றும் இல்லை. அவளுடைய லேப்டாப் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் வேலை செய்யும். அப்படி இருக்க வேண்டும் என்றுதான் இத்தனை வருஷமாக மாடாக உழைத்திருக்கிறாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவர் முன்னதாகவே வந்து, கட்டில்மேல் பையைத் திறந்துவைத்து, ஸ்வெட்டரை உதறிக்கொண்டிருந்தார். அறை முழுக்கப் பூச்சி உருண்டை வாசனை. மேற்கு ஜன்னல் வழியே வெயில் இன்னும் தரையில் கிடந்தது. அவள் அவருடைய சட்டைகளை இஸ்திரி போட ஆரம்பித்தாள். மகள் விடுதியிலிருந்து கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டார்கள். மகள் தேர்வைப் பற்றி, அறைத் தோழியின் குறட்டையைப் பற்றியெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு, கடைசியில் கேட்டாள்: “ஆமா, நான் இல்லாம நீங்க ரெண்டு பேரும் வீட்ல என்னதான் பேசுவீங்க?”

“நிறைய பேசுவோம்டி,” என்றார் அவர்.

“அப்பா, பொய் சொல்லாதீங்க. போன வாரம் அம்மாகிட்ட கேட்டா, கேஸ் சிலிண்டர் முடிஞ்சுபோச்சுன்னு பேசினோம்னு சொன்னாங்க.”

போன் வைத்த பிறகு அந்தக் கேள்வி மட்டும் அறையில் தங்கிவிட்டது. அவர் சட்டைகளைப் பைக்குள் அடுக்கினார். ஸ்டோர் அண்ணனுக்கும் வெள்ளியோடு வேலை முடிகிறது, அவருக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு போக வேண்டும், மப்ளர் மட்டும் வேண்டாம் என்றார். முதன்முதலில் அங்கே போன நாளைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். கட்டடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் பனியில் இரண்டு தடவை அதைத் தாண்டிப் போனாராம். இத்தனை வருஷத்தில் அவர் அதைச் சொன்னதே இல்லை. குரலில் ஒரு இளக்கம் இருந்தது. அந்தக் குரலை அவள் அடையாளம் கண்டுகொண்டாள். கம்பி வழியாக வந்துகொண்டிருந்த குரல் அதுதான்.

“மேலாளர் சொன்னாரு,” என்றார், சட்டையை நீவிக்கொண்டே. “நீ போன்ல சொல்லச் சொல்ல நான் செய்யணுமாம், பதினோரு படியாம். நல்லதாப் போச்சு. பழைய மாதிரி. நீ நம்பர் சொல்லு, நான் எழுதிக்கறேன்.”

சொல்லிவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தார். பல் தெரியாத, கூச்சப்பட்ட சிரிப்பு. அவருக்கும் அந்த வியாழக்கிழமைகள் மறக்கவில்லை என்பது ஒரு நொடியில் தெரிந்துபோனது. அவளுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. பத்து நாற்பதுக்கு மேசையில் போன் அடிக்கும். எடுத்தால் அவர் குரல் வரும். ஒரு தடவைக்கு, கடைசியாக ஒரு தடவைக்கு, எல்லாம் இருந்தபடியே இருக்கும். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தலைகூட பாதி ஆடிவிட்டது.

இஸ்திரிப் பெட்டி சட்டைக் கையிலேயே நின்று, லேசாகக் காந்தல் வாசனை வந்தது. அவள் அதை நிமிர்த்தி வைத்து சுவிட்சை அணைத்தாள். போன் வைத்ததும் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தாள். அவர் சனிக்கிழமை வருவார். அழுக்குச் சட்டைகளை எடுத்துப் போடுவார். அங்கே இருந்ததெல்லாம் அவர் கண்ணோடு போய்விடும், இவளுக்கு இன்னொரு பத்து நிமிஷக் குரல் மிஞ்சும். அதை வைத்துக்கொண்டு இன்னும் இருபது வருஷம் ஓட்ட வேண்டும்.

“என்ன, தீஞ்சுபோச்சா?” என்று அவர் கிட்டே வந்து சட்டையைத் தூக்கிப் பார்த்தார். “பரவால்ல, ஸ்வெட்டருக்குள்ள மறைஞ்சுடும். ஏன் ஒரு மாதிரி நிக்கற? பதினோரு படிதானே, நான் தப்பு பண்ண மாட்டேன். பிரிண்டர் பக்கமே போக மாட்டேன், போதுமா?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதோடு சேர்ந்து கண்ணும் நிறைந்தது. அவர் சட்டையைக் கீழே வைத்துவிட்டு, கேலியை விட்டு, அவள் முகத்தையே பார்த்தார். என்ன என்று கேட்கவில்லை. காத்திருந்தார்.

“போன்ல வேணாங்க,” என்றாள். குரல் தனக்கே புதிதாகக் கேட்டது. “நாளைக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க. ரொம்ப வருஷமா கேக்கணும்னு இருந்தேன்.”